படிக்கட்டு ஸரிகம

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று சாயங்காலம் நீ மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டே உன் அண்ணனிடம் போனில் பேசியது, கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் காதில் முழுசாக விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சண்டைக்கு வராதே. பாட்டு டீச்சர் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும், நான் காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்? "நான் ஏனாம் போவலண்ணா, வேணாம்னு எழுதிக் குடுத்துட்றன்" என்றாய். அவன் ஏன் என்று கேட்டிருப்பான். "அப்பாவ வுட்டுட்டு எப்டிண்ணா போறது? அதுவுமில்லாம அங்க அல்லாம் தெலுங்கு. அந்தப் பசங்ககிட்ட நான் இன்னா பேசுவன், எப்டிச் சொல்லிக் குடுப்பன்?" என்றாய். அப்புறம் கீழே இறங்கி வந்து, எனக்குச் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டிவி பார்த்தாய். நானும் ஒன்றுமே கேட்காத மாதிரி குடித்தேன். அப்பனும் மகளும் நடிப்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

இந்த வேலை ஆர்டருக்காக நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். பாகூரில் போடுவார்கள், வில்லியனூரில் போடுவார்கள், தள்ளிப் போனால் காரைக்கால் என்று நாம் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டோம். புதுச்சேரி கவர்மெண்ட் என்றால் ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கும் ஏனாமும் அதில் சேர்த்தி என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம். கவர் வந்த அன்று பிரித்துப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைவிட அழுதிருக்கலாம். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இன்றைக்குப் புதன்கிழமை. அதனால் நான் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன். சுற்றி வளைக்காமல் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்.

இரண்டு காரணம் சொன்னாய். தெலுங்கு தெரியாது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் உன்னிடமே இருக்கிறது, நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ கான்ட்ராக்டில் பாட்டு டீச்சராகச் சேர்ந்த புதிது. பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பேரையும் சேர்த்துத் தொலைத்திருந்தார்கள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று பெரிய சார் ஆள் அனுப்ப, ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வகுப்பு நேரத்தில் எதற்கு வாய்ப்பாடு என்று சன்னல் பக்கம் போனால், வாய்ப்பாடு இல்லை, ஸரிகமபதநி. 'ஈரெண்டு நாலு, மூரெண்டு ஆறு' என்று எந்த இழுவையில் இழுப்பார்களோ அதே இழுவை. நம் பள்ளிக்கூடங்களில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ராகம்தானே. திருக்குறளும் அதில்தான், காலையில் எடுக்கும் உறுதிமொழியும் அதில்தான். ஸ-வுக்கும் நி-க்கும் ஒரு நூலிழை வித்தியாசம் இல்லாமல் மொத்த வகுப்பும் கத்திக்கொண்டிருந்தது. நீ கரும்பலகையில் எழுத்துக்குப் பக்கத்தில் கால்புள்ளி வைத்திருந்தாய். அதை இன்னும் ஒரு தட்டு நீட்டிப் பாடு என்று அர்த்தமாம், பிறகு நீதான் சொன்னாய். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் டீச்சர், கால்புள்ளி வந்தால் நிறுத்தி மூச்சு விடு என்று சொல்லி வைத்திருந்தார். நீ நீட்டச் சொன்ன இடத்திலெல்லாம் அத்தனை பேரும் நிறுத்தி மூச்சு விட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ திரும்பிப் பார்த்துவிட்டாய்.

அன்றைக்கு வீட்டில் நீ சோற்றில் கை வைக்கவில்லை. "எழுதச் சொன்னா ஒரு தப்பில்லாம எழுதுதுங்கப்பா. பரீட்ச வச்சா அல்லாம் பாஸு. வாயத் தொறந்தா வாய்ப்பாடு" என்றாய். நான் ஏதோ விவரம் தெரிந்தவன் மாதிரி, "ஒரு குச்சி எடுத்தினு போ, ராகம் தானா வரும்" என்றேன். "அதல்லாம் ஒங்க மாட்டுக்குச் சொல்லுங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். கோபம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதன் பிறகு நீ கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில் பிள்ளைகளை நிறுத்தினாய். கீழ்ப்படியில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, இப்படி ஏழு படிக்கு ஏழு பேர். ஆளுக்கு ஒரே ஒரு ஸ்வரம், அதுதான் அவர்கள் பேர். எட்டாவது படியில் மேல் ஸ. எழுதும்போது அதன் தலையில் புள்ளி வைப்பார்கள் என்று நீ சொன்னதால், அந்தப் பையனுக்குப் 'புள்ளி ஸ' என்று பேர் வந்து, ஊர் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. உன் போனில் சுருதி ஙொய் என்று ஓடும். நீ குச்சியை எந்தப் படிக்கு நீட்டுகிறாயோ அந்தப் படியிலிருந்து மட்டும் குரல் வரும். ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது மரமண்டை எனக்கே புரிந்தது, பிள்ளைகளுக்குப் புரியாமல் போகுமா? படியில் நிற்கிறவர்களை முறை போட்டு மாற்றினாய். பிறகு குச்சியையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டாய். குச்சி பிடிக்கிறவர் ஆட்ட, படியில் நிற்கிறவர்கள் பாட, அந்தப் பக்கம் மாடு ஓட்டிப் போகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரிய சாருக்குத்தான் பயம். "நோட்டுல ஒண்ணுமே இல்லியேம்மா, மேல இருந்து வந்து கேட்டா இன்னாத்த காட்றது?" என்று கேட்டார். "பாடிக் காட்றம் சார்" என்றாய். எனக்கு அப்போது உன்னைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. முழங்கால் இடம் கொடுக்காததால், அன்றைக்கும் மக்கர் பண்ணிய பள்ளிக்கூட மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வில்லியனூரிலிருந்து வருகிற பஸ்ஸின் ஹாரன், வளைவில் திரும்பும்போது ஒரு பாட்டு மாதிரி அடிக்குமே, அதை அந்தப் பிள்ளைகள் படிக்கட்டில் கண்டுபிடித்தார்கள். நீ சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒருவன் குச்சியை எடுத்து, இந்தப் படியா அந்தப் படியா என்று தேடித் தேடி, பஸ்ஸே வந்துவிட்டது போல அடிக்க வைத்துவிட்டான். ஒரே கூச்சல். "நாளைக்கி மறந்துடும்டா, எழுதி வை" என்று ஒரு பெண் கத்த, செங்கல் துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார்கள். பெரிய சார் வெள்ளையடித்த சுவர் போச்சே என்று சத்தம் போட்டார். நீ அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்து, "கால்புள்ளிகூட சரியான எடத்துல வச்சிருக்குதுங்கப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளைவிட அந்தச் சுவர் உனக்குப் பெரிதாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கும் ஒன்று விளங்கியது. பிள்ளைகள் கையில் வைத்துக்கொள்ள ஏதாவது கிடைத்த பிறகுதான், அதை எழுதி வைக்க எழுத்து தேடுகிறார்கள். நாம் முதலில் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அடிக்கிறோம்.

சரி, இப்போது அந்த ஒடிசாப் பெண்ணுக்கு வருகிறேன். கோழிப் பண்ணை வேலைக்கு வந்த குடும்பம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வந்த புதிதில் அவசரத்துக்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே ஈரம் பண்ணிக்கொண்டு அழுதது. அதிலிருந்து வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. இசைக்கு மொழியே தேவையில்லை என்று மேடையில் மைக்கைப் பிடித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அந்தப் பிள்ளைக்கு மொழி தேவைப்பட்டது, அதுவும் மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டது. நீ அவளிடம் பேசிப் பார்த்தாய், சைகை காட்டினாய், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாலாவது படியில் நிறுத்தினாய். ம. குச்சி தன் பக்கம் வந்தால் பாட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்றவர்களை முறை போட்டு மாற்றிய நீ அவளை மட்டும் அந்தப் படியிலேயே விட்டுவைத்தாய்.

அப்புறம் ஒரு நாள் நான் கரும்புக்குக் கோழி எரு விலை பேசப் பண்ணைக்குப் போயிருந்தேன். புள்ளி ஸ-வும் இன்னும் இரண்டு பேரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "இன்னாடா, அதுக்குள்ள இஸ்கூலு வுட்டாச்சா?" என்றேன். "இல்ல தாத்தா, ம வரல. ம இல்லாம ப-வுக்குப் போவ முடியல" என்றான். பண்ணை மேஸ்திரி விரட்டினான். "அதும் அம்மாக்காரி வேலைக்கிப் போயிட்டா, தம்பிப் பயலப் பாத்துக்குது. ஓடுங்கடா." புள்ளி ஸ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்ப தம்பியையும் தூக்கினு போறம்ணா" என்றான். குழந்தை அவன் இடுப்புக்கு வந்தது. அந்தத் தாய் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்று, பிறகு மகளைக் கூப்பிட்டு ஈரக் கையாலேயே தலையைக் கோதி அனுப்பி வைத்தாள். அன்றைக்கு முழுவதும் அந்தக் குழந்தை படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சத்துணவு முட்டையை முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்ததாம். மூக்கைப் பிடித்த அதே பிள்ளைகள்தான் பாப்பா, ஓடி வந்தது. அவள் இல்லாமல் பாட்டு நடக்கவில்லை, அதனால் வந்தார்கள். பக்கத்துப் படியில் நின்ற பெண் அவளுக்கு "மிஸ், போய்ட்டு வரன்" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். மாசம் போகப் போக, அவள் நம் ஊர்ப் பிள்ளைகளை "இன்னாடி" என்று அதட்டுகிற அளவுக்குப் பேசினாள்.

நீ தெலுங்கு தெரியாதவள் என்று பயப்படுகிறாய். ஏனாமில் நீதான் அந்த ஒடிசாப் பெண். வாய் பேசாமல் போய் நிற்கப் போகிறாய், நாலைந்து நாள் கேலி செய்வார்கள், செய்யட்டும். கையில் குச்சியும் போனில் சுருதியும் இருந்தால் போதும். அங்கேயும் ஸரிகமபதநிதான், அதையும் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிதான் கத்துவார்கள், பார். நீ அவர்களுக்கு வேண்டியவளாக ஆகிவிட்டால், மீதிப் பேச்சை அவர்களே உனக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள்.

அந்தக் குடும்பம் முழுப் பரீட்சை முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டது. நாலாவது படி கொஞ்ச நாள் காலியாகத்தான் இருந்தது. பிறகு மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பிள்ளைகளே இழுத்து வந்து நிறுத்தினார்கள். உன் கான்ட்ராக்ட் முடிந்த பிறகும் மத்தியானத்தில் அந்தப் படிக்கட்டில் சத்தம் கேட்கிறது. தப்பும் தவறுமாகத்தான் பாடுகிறார்கள். நேற்றுகூடக் கேட்டேன், நன்றாக இருந்தது.

இனி உன் முதல் காரணம். அதாவது நான்.

இதில் நான் உன்னிடம் பொய் சொல்லி அனுப்பி வைக்கலாம். கல்லு மாதிரி இருக்கேன், போம்மா என்று சொல்லலாம். சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் உண்மையையே எழுதுகிறேன். போன ஆவணியில் உன் சிநேகிதி கல்யாணத்துக்கு நீ திருச்சி போய்த் தங்கினாயே, அப்போது நான் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கழனிக்குப் போய்விட்டேன். கரும்புக்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரப்பைப் பிடித்து உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். பக்கத்துக் கழனியில் புல் அறுத்துக்கொண்டிருந்த நம் எதிர்வீட்டுச் செல்விதான் பார்த்துவிட்டு ஓடி வந்து, டீக்குக் கொண்டு வந்திருந்த சர்க்கரையை வாயில் போட்டாள். "பாப்பாகிட்ட சொல்லாத" என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். "சொல்லல, ஆனா நீங்க திருந்தணும்" என்றாள். இதைப் படித்ததும் நீ போகவே கூடாது என்று முடிவு கட்டுவாய் என்று எனக்குத் தெரியும். மறைத்துவிட்டு அனுப்பினால், அங்கே போய் ஒரு நாள் இது உன் காதுக்கு வரும், பிறகு என் போன் அடித்தாலே உனக்குப் பக்கென்று இருக்கும். அது வேண்டாம். இப்போதே தெரிந்துகொண்டு திட்டிவிட்டுப் போ.

உன் அம்மா போன பிறகு அவள் செய்த வேலை ஒன்று விடாமல் நீ உன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாய். நான் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "அவ வேலைக்கி எழுதிப் போட்டிருக்கா, வரட்டும்" என்று நான் சொன்னதில் பாதி உன் வேலைக்காக, பாதி என் சோற்றுக்காக. உன் அண்ணன், ஏனாம் போனால் கல்யாணம் தள்ளிப் போகும் என்கிறான். தள்ளிப் போகட்டும். ஏனாம்காரன் ஒருவனையே நீ கூட்டி வந்தாலும் எனக்குச் சம்மதம். நான் அவனிடம் தமிழில் பேசுவேன், அவன் தெலுங்கில் பதில் சொல்லட்டும், மாமனார் மருமகனுக்குள் சண்டை வர வழியே இல்லை.

செல்வியிடம் பேசிவிட்டேன். மத்தியானச் சோறு அவள் வீட்டிலிருந்து வரும், நான் சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். வெறும் வாயில் மாத்திரை போடுவதில்லை என்று அவளிடமும் உன்னிடமும் சேர்த்தே சொல்கிறேன். கழனியையும் விட்டுவிடுகிறேன். அடிக்கட்டையில் மறுபடி துளிர்த்து நிற்கும் இந்த மறுதாம்புக் கரும்பு வெட்டி ஆலைக்குப் போனதும் செல்வி வீட்டுக்காரனே குத்தகைக்கு எடுத்துக்கொள்வான். இனிமேல் நான் தனியாகக் கரும்புக்குள் போக மாட்டேன், நீ அதற்குப் பயப்பட வேண்டாம். இதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது, பாப்பா. அதையும் எழுதிவிடுகிறேன். கால் முளைத்த நாளிலிருந்து நான் மிதித்த மண் அது. ஆனால் எனக்கு முழங்கால் போய்விட்டது, உனக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. இதில் எதை விடுவது என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. மாட்டை மட்டும் யாருக்கும் தர மாட்டேன், பேச்சுத் துணைக்கு ஒன்று வேண்டும்.

போனதும் எடுத்த எடுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடாதே. அவர்கள் எந்த இழுவையில் வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேள். அதைக் கேலி செய்யாதே, அந்த இழுவை அவர்களுடைய சொத்து. பள்ளிக்கூடத்தில் படிக்கட்டு இல்லாவிட்டால் வரப்பு இருக்கும், ஆற்றங்கரைச் சரிவு இருக்கும், ஏதாவது ஒன்று ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். யார் வரிசைக்கு வெளியே தனியாக நிற்கிறது என்று பார், அந்தப் பிள்ளையிலிருந்து ஆரம்பி. காரம் அள்ளிப் போடுவார்களாம், முதல் வாரம் மோர் சோறு சாப்பிடு. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்தால் போதும் என்று எழுத ஆசைதான். தினமும் செய்.

இந்தக் கடிதத்தை உன் தலையணைமேல் வைக்கிறேன். படித்த பிறகு இதைப் பற்றி என்னிடம் பேச வராதே. "இன்னாப்பா, நான் போவட்டுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்காதே. கேட்டால் என் வாய் "போவாதம்மா" என்றுதான் சொல்லும். அதற்கு அதைத் தவிர வேறு ஒன்றும் சொல்ல வராது. நீ அதைக் காதில் வாங்காதே, பெட்டியைக் கட்டு.

உன் அப்பா